மெய்நிகர் கணினி மீண்டும் கடவுச்சொல் கேட்டால்

மேசைமேல் இருக்கும் கணினியில் அல்லாமல், நிறுவனத்தின் தரவு மையத்திலோ மேகக் கணிமையிலோ இயங்கும் ஒரு விண்டோஸ் கணினியின் திரையை மட்டும் இணையம் வழியே வரவழைத்து வேலை செய்யும் முறைக்கு மெய்நிகர் மேசைக்கணினி என்று பெயர். அலுவலகப் பேச்சில் அது வி.டி.ஐ. காலையில் ஒரு முறை அடையாளத்தை மெய்ப்பித்துவிட்டால், அந்தக் கணினியும் அதற்குள் இருக்கும் மின்னஞ்சல், கோப்பகம் முதலிய யாவும் மறுபடி கேட்காமல் திறந்துகொள்ளும் ஏற்பாடு ஒற்றை உள்நுழைவு, அதாவது எஸ்.எஸ்.ஓ. இந்த ஏற்பாடு பழுதடையும்போது பெரும்பாலான ஊழியர்கள், கேட்ட இடத்திலெல்லாம் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்கிறார்கள், அல்லது ஹெல்ப்டெஸ்க்கை அழைத்துக் கடவுச்சொல்லை மாற்றித் தரச் சொல்கிறார்கள். ஹெல்ப்டெஸ்க்கும் பாஸ்வேர்டை ரீசெட் செய்து, காரணம் எதையும் பதியாமல் டிக்கெட்டை மூடிவிடுகிறது. மறுநாள் காலை அதே பெட்டி அதே இடத்தில் மீண்டும் தோன்றுகிறது. தவறான கடவுச்சொல்லால் வராத கோளாறு, கடவுச்சொல்லை மாற்றுவதால் தீராது.

இங்கே கடக்க வேண்டிய கதவுகள் இரண்டு என்பதைப் புரிந்துகொள்வது முதல் தேவை. முதற்கதவு இணையப் பக்கத்தில் இருக்கிறது: நிறுவனத்தின் அடையாளச் சேவை கடவுச்சொல்லையும் கைப்பேசி ஒப்புதலையும் சரிபார்த்து, இவர் இன்னார் என்று ஒரு சான்றை வழங்குகிறது. இரண்டாவது கதவு அந்த மெய்நிகர் கணினியின் விண்டோஸ் உள்நுழைவு. முதற்கதவில் தட்டச்சு செய்த கடவுச்சொல் இரண்டாவது கதவுக்குப் போய்ச் சேருவதில்லை. அங்கே போவது சான்று மட்டுமே. அந்தச் சான்றை விண்டோஸ் நேரடியாக ஏற்காத அமைப்புகளில், பயனரின் பெயரில் குறுகிய ஆயுள் கொண்ட ஒரு மின்சான்றிதழை உருவாக்கித் தரும் இடைச்சேவை வேண்டும். சிட்ரிக்ஸில் எஃப்.ஏ.எஸ். என்பதும், முன்பு விஎம்வேர் வசமிருந்து இப்போது ஆம்னிசா வசமிருக்கும் ஹொரைசனில் ட்ரூ எஸ்.எஸ்.ஓ. என்பதும் இந்த வேலையைச் செய்பவை. இரண்டாவது கதவில் மட்டும் கடவுச்சொல் கேட்கப்படுகிறது என்றால், சரிபார்க்க வேண்டியது இந்த இடைச்சேவையையே தவிர ஊழியரின் கடவுச்சொல்லை அல்ல.

ஆகவே எந்தக் கதவு மறுத்தது என்பதே டிக்கெட்டில் முதல் வரியாக இருக்க வேண்டும். "லாகின் ஆகவில்லை, அவசரம்" என்று எழுதப்பட்ட டிக்கெட் மூன்று மேசைகள் சுற்றி எழுதியவரிடமே திரும்பி வரும். "காலை 9.12, இணையப் பக்கத்தில் உள்நுழைவும் கைப்பேசி ஒப்புதலும் சரியாக முடிந்தன, மெய்நிகர் கணினியின் நீலத் திரையில் பயனர் பெயருடன் கடவுச்சொல் பெட்டி வந்தது, அதில் எதுவும் தட்டச்சு செய்யவில்லை, நேற்று மாலை வரை இவ்வாறு கேட்டதில்லை, பக்கத்து இருக்கைக்காரருக்கும் இதே நிலை" என்று எழுதப்பட்ட டிக்கெட்டோ நேராக உரிய குழுவிடம் போய்ச் சேரும். பிழைச் செய்தியைத் தமக்குத் தோன்றியபடி சுருக்காமல், திரையில் உள்ளபடியே படமெடுத்து இணைக்க வேண்டும். நிமிடம் தவறாத நேரக் குறிப்பு மிக முக்கியம். சேவையகத்தின் ஆயிரக்கணக்கான பதிவுகளில் அந்த ஒன்றைத் தேடியெடுக்க அதுவே வழி.

நேரம் வேறொரு வகையிலும் குற்றவாளியாகிறது. நிறுவனங்களின் விண்டோஸ் வலையமைப்பில் உள்நுழைவைத் தாங்கி நிற்பது கெர்பரோஸ் என்னும் நெறிமுறை. ஒரு முறை மெய்ப்பித்தவருக்கு அது அனுமதிச் சீட்டு ஒன்றைக் கொடுக்கிறது, இயல்பான அமைப்பில் அச்சீட்டின் ஆயுள் 10 மணி நேரம். கணினியின் கடிகாரமும் சேவையகத்தின் கடிகாரமும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் கெர்பரோஸ் சீட்டு தர மறுக்கும். அமெரிக்க வாடிக்கையாளருக்காக இரவு வேலை செய்யும் குழுக்களில், நேர மண்டலத்தை மாற்றுவதற்குப் பதிலாகக் கடிகாரத்தையே கையால் திருப்பி வைப்பவர்கள் உண்டு. திரையில் தெரியும் மணி சரியாகத் தோன்றினாலும், உலகப் பொது நேரத்தையே கணக்கில் கொள்ளும் கெர்பரோஸுக்கு அந்தக் கணினி பல மணி நேரம் தவறிப்போய்விடுகிறது. நேர மண்டலத்தை மாற்றலாம், கடிகாரத்தைத் தொடக் கூடாது.

இன்னொரு பழக்கம் இதைவிடப் பரவலானது. மாலையில் சன்னலின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடுவதால் அமர்வு முடிவதில்லை. தொடர்பு மட்டுமே அறுகிறது, அமர்வு சேவையகத்தில் பழைய சீட்டுகளோடு உயிருடன் இருக்கிறது. இதற்கிடையில் கடவுச்சொல் மாற்றப்பட்டால், அந்த அமர்வில் திறந்து கிடக்கும் நிரல்கள் பழைய கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப அனுப்பி, கணக்கையே பூட்டவைத்துவிடக்கூடும். ரீசெட் செய்த அரை மணியில் கணக்கு மறுபடி பூட்டிக்கொள்வதன் மர்மம் பெரும்பாலும் இதுதான். கணக்குகளைச் சரிபார்க்கும் கள மேலாளர் கணினியின், அதாவது டொமைன் கன்ட்ரோலரின், பாதுகாப்புப் பதிவில் 4740 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் திறந்தால், எந்தக் கணினியிலிருந்து அந்த முயற்சிகள் வந்தன என்பது பெயரோடு எழுதப்பட்டிருக்கும். அந்தப் பழைய அமர்வை முடித்துவைக்காமல் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் பயனில்லை. ஊழியர் தம் பங்குக்கு, கடவுச்சொல்லை மாற்றும் நாளில் எல்லா அமர்வுகளிலும் முறையாக 'சைன் அவுட்' கொடுத்துவிட வேண்டும்.

உள்நுழைவு மறுக்கப்படுவதற்கு நிர்வாகிகள் கவனியாமல் விடும் இன்னொரு காரணம் சான்றிதழ் சார்ந்தது. மின்சான்றிதழை ஒரு கணக்கோடு உறுதியாகப் பிணைக்கும் புதிய விதியை மைக்ரோசாஃப்ட் 2022 மே மாதப் புதுப்பிப்பில் கொண்டுவந்து, 2025 பிப்ரவரியில் இயல்புநிலையாக்கி, அதே ஆண்டு செப்டம்பரில் பழைய தளர்வை அறவே நீக்கியது. கணக்கின் பாதுகாப்பு அடையாள எண் பதியாமல் வழங்கப்பட்டு, வேறு வலுவான பிணைப்பும் இல்லாத சான்றிதழ்கள் அதன்பின் மறுக்கப்படுகின்றன. கள மேலாளர் கணினியில் 39 என்ற எண்ணுள்ள நிகழ்வு அதைச் சொல்லிவிடும். ஏறத்தாழ மூன்றாண்டு அவகாசம் கொடுக்கப்பட்டும் பதிவுகளைப் பாராமல் இருந்துவிட்டு, உள்நுழைவு நின்றுபோன காலையில் ஊழியரின் கடவுச்சொல்லைக் குறை சொல்வது பொறுப்பற்ற செயல்.

அஸூர் மெய்நிகர் கணினிகளில் பழுதே இல்லாத இரண்டு நடத்தைகளைப் பழுதென்று எண்ணுவோர் பலர். புதிய கணினி ஒன்றோடு முதன்முறை இணையும்போது தொலைத் தொடர்பை அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி கேட்கும். அது கடவுச்சொல்லைக் கேட்பதில்லை, தரப்பட்ட அனுமதி 30 நாள் நினைவில் இருக்கும். ஒற்றை உள்நுழைவு இயங்கும் அமர்வு பூட்டப்படும்போது, பூட்டுத்திரையைக் காட்டாமல் தொடர்பு துண்டிக்கப்படுவதும் இயல்பான அமைப்பே.

அடிக்கடி வரும் கோளாறு ஆபத்தான ஒரு பழக்கத்தை வளர்க்கிறது. நாள்தோறும் இரண்டு மூன்று முறை காரணமின்றிக் கடவுச்சொல் கேட்கப்படும் அலுவலகத்தில், நான்காவதாக வரும் போலிப் பெட்டியை ஒருவரும் சந்தேகிக்க மாட்டார். எனவே எதிர்பாராமல் வரும் எந்தப் பெட்டியிலும், முகவரிப் பட்டையைப் பார்க்காமல் கடவுச்சொல்லை இடக் கூடாது. முகவரிப் பட்டையே இல்லாத பெட்டியானால் ரத்து செய்துவிட்டு ஹெல்ப்டெஸ்க்கிடம் கேட்க வேண்டும். தாம் கேளாமல் கைப்பேசிக்கு வரும் ஒப்புதல் கோரிக்கையை மறுக்க வேண்டும். தொல்லை தீர்ந்தால் போதும் என்று ஒப்புதல் தருவது, திருடனுக்குச் சாவியைக் கையில் கொடுப்பதாகும். ஹெல்ப்டெஸ்க் ஊழியரானாலும் மேலாளரானாலும் கடவுச்சொல்லைச் சொல்லச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. "ஒரு நிமிடம் சொல்லுங்கள், சோதித்துப் பார்க்கிறேன்" என்பவரிடம் மறுத்துவிட்டு, கோரிக்கையை எழுத்தில் கேட்பது ஊழியரின் உரிமை. பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகவோ நேர்மையற்ற நோக்கத்தோடோ பயன்படுத்துபவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லை இட்டுவிட்டவர், பழி வருமோ என்று அஞ்சி மறைப்பதே கேட்டைப் பெருக்குகிறது. கடவுச்சொல்லை உடனே மாற்றுவதோடு, திறந்திருக்கும் எல்லா அமர்வுகளையும் செல்லாததாக்குமாறு பாதுகாப்புக் குழுவிடம் கேட்க வேண்டும். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால், திருடன் ஏற்கெனவே திறந்துவைத்த அமர்வு உடனே மூடிக்கொள்ளும் என்பதற்கு உறுதி இல்லை. பணமும் பறிபோயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். இத்தகைய ஊடுருவல்களை இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28ஆம் நாள் வெளியான ஆணை நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. சம்பவம் நிறுவனத்தின் கவனத்துக்கு வந்த நொடியிலிருந்தே அந்த 6 மணி நேரம் ஓடத் தொடங்குகிறது.