கார் ஏசியில் காஸ் எங்கே போகிறது?

சித்திரை வெயில் ஏறிவிட்டால் தமிழ்நாட்டின் கார் ஏசி கடைகளில் ஒரே வாக்கியம் நாள் முழுக்கக் காதில் விழும்: “காஸ் தீர்ந்துபோச்சு சார், அடிச்சு விட்டுடலாம்.” வண்டியைக் கொண்டுவந்தவரும் தலையாட்டுவார். பெட்ரோல் தீர்கிறது, டயர் தேய்கிறது, காஸும் அப்படித்தான் தீர்ந்திருக்கும் என்பது அவர் எண்ணம். காஸ் ஏறியதும் குளிர்காற்று வரும். பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புவார். அடுத்த கோடையில், சில சமயம் ஆடி பிறப்பதற்குள்ளேயே, அதே வண்டி அதே கடை வாசலில் நிற்கும்.

அந்த வாக்கியம் தவறு. ஏசி காஸ் தீர்ந்துபோகிற பொருளே அல்ல. அது எரிவதில்லை, தேய்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவதுதான் அதன் வேலை. அளவு குறைந்திருந்தால் ஏதோ ஓரிடத்தில் கசிவு இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் காஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

அப்படியானால் வீட்டு ஃபிரிட்ஜ் மட்டும் பதினைந்து வருடம் அதே காஸில் எப்படி ஓடுகிறது? நியாயமான கேள்வி. ஃபிரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் குடுவைக்குள் வைத்து வெல்டிங் செய்யப்பட்டிருக்கின்றன. குழாய்களும் பற்றவைத்தவை. வெளியே வருவது மின்கம்பி மட்டும். பெட்ரோல், டீசல் காரில் அந்த வசதி கிடையாது. கம்ப்ரஸரைச் சுழற்றுவது எஞ்சினின் பெல்ட் என்பதால், சுழலும் தண்டு கம்ப்ரஸரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் காஸைத் தடுத்து நிறுத்துவது ஒரு சின்ன சீல். கம்ப்ரஸர் எஞ்சினோடு சேர்ந்து ஓயாமல் அதிர்கிறது, காஸின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரோ வண்டியின் உடலோடு சேர்ந்து நிற்கிறது. இரண்டையும் இரும்புக் குழாயால் இணைத்தால் விரிசல் விடும் என்பதால் நடுவில் ரப்பர் ஹோஸ் போடுகிறார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு ஓ-ரிங். ரப்பர் வழியாக மிக மெல்லிய கசிவு இருந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் அதனால் மட்டும் குளிர்ச்சி குறைவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒரே வருடத்தில் காஸ் காலியாகிறது என்றால் எங்கோ உண்மையான பழுது இருக்கிறது.

காஸ் சுற்றும் வழியைத் தெரிந்துகொண்டால் கடையில் பேசுவது எளிது. கம்ப்ரஸர் காஸை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளை வழியே டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலுக்குள் பாய்ந்து, அங்கே கொதித்து ஆவியாகும்போது உள்ளே இருக்கும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மறுபடியும் கம்ப்ரஸருக்கு. கடுங்கோடையில் கண்டென்சர் பக்கத்து அழுத்தம் கார் டயரின் அழுத்தத்தைப் போல ஏழு மடங்கு வரை போகும். அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் கண்டென்சரின் அலுமினியக் குழாய்ச் சுவர் அரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது.

காருக்குள் ஏசி வந்த கதையில் இன்றைக்கும் பொருந்தும் ஒரு செய்தி உண்டு. 1939இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தன் 1940 மாடல் கார்களில் ஏசியை அறிமுகம் செய்தது. கூலிங் காயில் டிக்கிக்குள் இருந்தது. கம்ப்ரஸரை நிறுத்த வழியே கிடையாது. குளிர்ச்சி வேண்டாம் என்றால் எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பிற்காலத்தில் மேக்னடிக் கிளட்ச் வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஏசி பொத்தானை அழுத்தியதும் ‘டக்’ என்று கேட்குமே, அந்தச் சத்தம் அதனுடையதுதான். இப்போது வரும் கார்கள் பலவற்றில் கிளட்ச் மறுபடியும் காணாமல் போய்விட்டது. கம்ப்ரஸர் எப்போதும் சுழன்றுகொண்டே இருக்க, எவ்வளவு காஸை அழுத்துவது என்பதை மட்டும் கம்ப்யூட்டர் ஒரு மின்வால்வு வழியாகத் தீர்மானிக்கிறது. எரிபொருள் மிச்சமாகிறது, குளிர்ச்சியும் ஏறி இறங்காமல் சீராக இருக்கிறது. ஆனால் ‘டக்’ சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடும் அனுபவசாலி மெக்கானிக்குக்கு அந்தத் துப்பு கிடைப்பதில்லை. அவர் ஸ்கேனர் கருவியை நாட வேண்டியிருக்கிறது.

பாகங்கள் மெலிந்ததற்குச் சுற்றுச்சூழலும் ஒரு காரணம். ஆரம்பகாலக் கார்களில் இருந்தது ஆர்-12 என்னும் காஸ். அது ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மோலினாவும் ரோலண்டும் 1974இல் எச்சரித்தார்கள். 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, 1990களின் நடுவில் ஆர்-134ஏ அந்த இடத்தைப் பிடித்தது. புதிய காஸைத் திரவமாக்க இன்னும் திறமையான கண்டென்சர் தேவைப்பட்டது. பழைய தடித்த உருண்டைக் குழாய்கள் போய், உள்ளே நுண்ணிய வழிகள் கொண்ட தட்டையான குழாய்கள் வந்தன. எடை குறைந்தது, நிரப்ப வேண்டிய காஸின் அளவும் குறைந்தது. இழந்தது ஒன்றுதான்: அடிதாங்கும் சக்தி. முன்னால் போகும் வண்டியின் சக்கரம் தெறிக்கவிடும் ஒரு சிறு கல் போதும். பழைய குழாயை மெக்கானிக் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார். இன்றைய தட்டைக் குழாயில் அது அநேகமாக நடக்காத காரியம்.

தயாரிப்பிலேயே குறை வந்த வரலாறும் உண்டு. 2016 மாடலில் தொடங்கிய தலைமுறை ஹோண்டா சிவிக் கார்களில், கண்டென்சர் குழாய்களில் நாளடைவில் துளை விழுந்து காஸ் கசிந்தது. அமெரிக்காவில் அந்த நிறுவனம் கண்டென்சருக்கான உத்தரவாதத்தை, எத்தனை மைல் ஓடியிருந்தாலும் சரி, 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. அதே நிறுவனத்தின் 2000களின் முற்பகுதி சிஆர்-வி கார்களில் சிக்கல் கம்ப்ரஸரில் இருந்தது. அது உள்ளுக்குள்ளேயே நொறுங்கி, உலோகத் துகளும் கருகிய எண்ணெயும் குழாய்கள் எங்கும் பரவின. அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்கு வைத்த பெயர் ‘கருப்புச் சாவு’. கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் போதாது. மிச்சமிருக்கும் துகள்கள் புதியதையும் தின்றுவிடும் என்பதால் கண்டென்சர், வால்வு, ஈரத்தை உறிஞ்சும் டிரையர் என்று வரிசையாக மாற்ற வேண்டி வந்தது.

கம்ப்ரஸர் சாவதற்கு மிகச் சாதாரணமான காரணம் வேறொன்று உண்டு. எண்ணெய் கம்ப்ரஸருக்குள் மட்டும் தங்குவதில்லை. காஸோடு கலந்து முழுச் சுற்றும் ஓடித் திரும்பும். காஸ் குறைந்தால் எண்ணெய் திரும்பி வருவதும் குறையும். கம்ப்ரஸர் வறண்ட நிலையில் ஓடும். “கொஞ்சம் கூலிங் வருதே, இந்தக் கோடையை ஓட்டிடலாம்” என்று இழுத்தடிப்பவர்கள், சில ரூபாய் ஓ-ரிங்கில் முடிந்திருக்க வேண்டிய செலவை ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் நிறுத்துவது இப்படித்தான்.

செலவில் மோசமானது கூலிங் காயில். அது எப்போதும் ஈரத்தில் நனைந்திருக்கும். தூசியும் இலைச் சருகும் அதில் ஒட்டி மட்கி, அலுமினியத்தை அரிக்கும். பல மாடல்களில் அதைத் தொட வேண்டுமானால் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். கூலி, பொருளின் விலைக்கு மேலேயே போகும். ஒருமுறை இறக்கிய டேஷ்போர்டிலிருந்து பிறகு கிறீச் சத்தம் வருவது பலரும் சொல்லும் குறை. காற்று உள்ளே போகும் வழியில் இருக்கும் கேபின் ஃபில்டர் இந்தத் தூசியைத் தடுக்கத்தான் இருக்கிறது. சில நூறு ரூபாய்ப் பொருள் அது. எத்தனையோ கார்களில் வாங்கிய நாளிலிருந்து மாற்றாமலே கிடக்கிறது.

இதையெல்லாம் கேட்டு, பழைய வண்டிகள்தான் உறுதி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வாகனங்களின் சராசரி வயது இன்று 12 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. இத்தனை காலம் வண்டிகள் உழைப்பது முன்பு இல்லாத ஒன்று. எஞ்சினும் துருப்பிடிக்காத உடலும் நிச்சயமாக மேம்பட்டிருக்கின்றன. மாறியிருப்பது பழுதின் தன்மை. ஒரு பாகம் கெட்டால் அதன் உள்ளுறுப்பை மட்டும் மாற்றும் வழி அடைபட்டுக்கொண்டே வருகிறது. டிரையர் இப்போது கண்டென்சரோடு ஒட்டியே வருகிறது. பேரிங், சீல், கிளட்ச் காயில் என்று தனித்தனியாகக் கிடைத்தவை ‘முழு செட்டாகத்தான் வரும்’ என்ற பதிலில் முடிகின்றன.

ஒரே சப்ளையர் பல நிறுவனங்களுக்குப் பாகம் கொடுப்பதால் வரும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. ஜப்பானின் டகாட்டா ஏர்பேக் அதற்குப் பெரிய சாட்சி. அதன் உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட், நீண்டகால வெப்பத்திலும் காற்றின் ஈரத்திலும் சிதைந்து, விபத்தின்போது உலோகச் சில்லுகளைத் தெறிக்கவிட்டது. உயிர்கள் போயின. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் அந்த நிறுவனம் திவாலானது. புளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் கூடிய இடங்களில்தான் ஆபத்து மிகுதி. சென்னையிலும் தூத்துக்குடியிலும் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் தட்பவெப்பமே பாகங்களுக்கு ஒரு கடும் சோதனை.

மின்சாரக் கார்களில் ஏசியின் இடமே வேறு. அங்கே கம்ப்ரஸர், ஃபிரிட்ஜைப் போல மோட்டாரோடு சேர்த்து மூடப்பட்டது. தண்டு வெளியே வராததால் சீல் கசிவு இல்லை. ஆனால் பல மாடல்களில் அதே காஸ்தான் பேட்டரியையும் குளிர்விக்கிறது. ஏசி கெட்டால் வியர்ப்பதோடு போகாது, வேகமாகச் சார்ஜ் ஏற்றுவதும் தடைபடும். அங்கே ஊற்றும் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாத வேறு வகை. பெட்ரோல் காரின் எண்ணெய் கலந்துவிட்டால் மின்கசிவுக் கோளாறு வரும். பழுது மென்பொருளிலிருந்தும் வரலாம். 2022 பிப்ரவரியில் டெஸ்லா ஏறத்தாழ 27,000 கார்களைத் திரும்ப அழைத்தது. மென்பொருள் பிழையால் ஒரு வால்வு தானே திறந்து, காஸ் கூலிங் காயிலுக்குள் சிக்கிக்கொண்டதால், முன்கண்ணாடியின் பனியை நீக்கும் வெப்பம் போதாமல் போனது. யாரும் ஸ்பேனரைத் தொடவில்லை. இணையம் வழியாகவே சரிசெய்துவிட்டார்கள்.

மலிவு காஸ் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். 2011இல் ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலி காஸ், குளிர்பதனக் கப்பல் கன்டெய்னர்களில் நிரப்பப்பட்டது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும் பொருளாக மாறியது. வியட்நாமிலும் பிரேசிலிலும் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் மூவர் இறந்தார்கள். நல்ல காஸாகவே இருந்தாலும் காற்றில் விடுவது தீங்கு. புவியைச் சூடாக்குவதில் ஆர்-134ஏ கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு வலியது. ஒரு காரிலிருந்து அரைக் கிலோ காஸ் கசிந்தால், 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் புதிய கார்கள் எதிலும் அதை அனுமதிப்பதில்லை.

இந்தியாவில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளின் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்ற விதி, புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்கு 2025இல் வந்திருக்கிறது. நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் வடநாட்டுக்கு ஓடும் ஓட்டுநர்களுக்கு இது பல ஆண்டு தாமதமாகக் கிடைத்த நீதி. அந்த ஏசி நெடுஞ்சாலையோரத்தில் நின்றுபோனால் சரிசெய்ய உள்ளூர் மெக்கானிக்குப் பாகமும் கருவியும் கிடைக்க வேண்டும். உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தடுத்ததாக, இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிறகு மேல்முறையீடு, வழக்கு என்று அது நீண்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது, வாகனத் துறையும் அதில் அடக்கம். இணையதளம் நல்ல தொடக்கம்தான். கட்டாயப்படுத்தும் சட்டம் வரும்வரை மூலைக்கடை மெக்கானிக்கின் கை கட்டப்பட்டே இருக்கும்.

வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடாகிறதா? முதலில் கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள், காஸைத் தொட வேண்டியிருக்காது. முன்சீட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கினால் வடிகுழாய் அடைத்திருக்கும். மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுங்கள், எண்ணெய் சுற்றி வந்து சீல் காயாமல் இருக்கும். காஸ் போட நேர்ந்தால், பானெட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறது. அதை எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள். அதற்கு முன் வேக்கம் போட்டு ஈரத்தை இழுத்தார்களா என்று கவனியுங்கள். “காஸ் தீர்ந்துபோச்சு” என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். நைட்ரஜன் அழுத்தியோ சாயம் ஏற்றியோ கசிவு எந்த இடத்தில் என்று காட்டச் சொல்லி, பில்லிலும் அந்த இடத்தை எழுதி வாங்குங்கள்.