ஈமு அப்பாவின் கட்டுச்சோறு

"எங்க தோட்டத்து ஈமுக் கோழி பதினொரு நாளாப் பச்சத் தண்ணி பல்லுல படாமப் படுத்துக் கெடக்குதுங்க. இது நோயா, வெரதமா?"

மார்கழியில் ஒரு காலை வாட்ஸ்அப்பில் வந்த கேள்வி இது. ஈமுவுக்குப் பல் கிடையாது என்று திருத்தம் சொல்லிப் பதில் அனுப்புவதற்குள் ஒரு படமும் வந்து சேர்ந்தது. தென்னை மரத்தடியில் யாரோ மறந்து போட்டுவிட்டுப் போன நனைந்த சாக்கு மாதிரி ஒரு குவியல். அதன் ஒரு முனையிலிருந்து ரப்பர் குழாய் போன்ற கழுத்து நீண்டு மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. செத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் கண் திறந்திருந்தது.

ஈரோட்டில் வேறு வேலையும் இருந்ததால் நேரிலேயே போனேன். பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவே இரண்டரை ஏக்கர் தோட்டம். தென்னை, கொஞ்சம் மஞ்சள், இரண்டு எருமை, கம்பிவலைக்குள் மூன்று ஈமு. பெருந்துறை என்றதுமே உங்களுக்கு 2012-இன் ஈமு மோசடி நினைவுக்கு வந்திருக்கும். குஞ்சு வாங்கி வளர்த்தால் மாதாமாதம் பணம், வருஷத்துக்கு ஒரு போனஸ் என்று நடிகர்கள் தொலைக்காட்சியில் வந்து சொன்னதை நம்பி ஊர் ஊராகக் கம்பிவலை அடித்தார்கள். கறிக்குச் சந்தை இல்லை, முட்டைக்குச் சந்தை இல்லை, குஞ்சுக்கு மட்டும் சந்தை இருந்தது. அதாவது அடுத்துச் சேர்கிற ஆள்தான் சந்தை. அந்த ஆள் வராமல் போன ஆகஸ்டில் கடை மூடப்பட்டது. கைவிடப்பட்ட பறவைகளுக்குக் கால்நடைத் துறை தீவனம் போட வேண்டியதாயிற்று.

இந்த வீட்டிலும் போட்ட பணம் போனது. பறவைகள் போகவில்லை. ஆறில் மூன்று மிச்சம். விற்க ஆளில்லை, அறுத்துத் தின்ன மனசில்லை. அந்த வீட்டு அப்பத்தா பெயர் வைத்துவிட்டார்: பெரியவன், சின்னவன், மகராசி. பெயர் வைத்த பிராணியை யாரும் குழம்பு வைப்பதில்லை. முருங்கைக் கீரை, கோசு இலை, மக்காச்சோளம், பழுத்து விழுந்த பப்பாளி என்று போகிறது அதுகளின் பாடு. ஆணி, சாவி, சோடா மூடி என்று மின்னுகிற எதையும் விழுங்கிவிடும் என்று எச்சரித்தார்கள். எச்சரித்து முடிப்பதற்குள் சின்னவன் என் சட்டைப் பையிலிருந்த பேனாவை ஒரு கொத்து கொத்திவிட்டான்.

ஒவ்வொரு வருஷமும் மகராசி போடுகிற முட்டைகளை உடனுக்குடன் எடுத்துவிடுவார்கள். ஒன்று அரைக்கிலோவுக்கு மேல் இருக்கும், பத்துப் பன்னிரண்டு கோழி முட்டைக்குச் சமம். ஒரே ஆம்லெட், வீடு முழுக்கச் சாப்பிடலாம். இந்த வருஷம் அப்பத்தா குறுக்கே நின்றிருக்கிறார். "வருசா வருசம் புடுங்கித் திங்கறோம். ஒருக்கா உட்டுத்தான் பாருங்களேன்டா." விட்டார்கள். ஆறு முட்டை சேர்ந்ததும் பெரியவன் அதன்மேல் போய்ப் படுத்தான். அத்தோடு தீனியை நிறுத்தினான். கால்நடை டாக்டர் வந்து பார்த்துக் காய்ச்சல் இல்லை என்று சொல்லி, குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கச் சொன்னாராம். பெரியவன் அலகைத் திறக்கவில்லை.

கேள்விக்குப் பதில்: நோயில்லை. அடை. ஈமுவில் அடை காப்பது அப்பாதான். முட்டை பொரிய 56 நாள் ஆகும். அந்த 56 நாளும் அவன் தின்பதில்லை, குடிப்பதில்லை, எச்சமும் போடுவதில்லை. சபரிமலைக்கு மாலை போட்டவர்களுக்கே விரதம் 41 நாள்தான், அதிலும் இட்லிக்குத் தடையில்லை.

நான் இருந்த ஒரு மணி நேரத்தில் அவன் எழுந்தது ஒரே தடவை. முன்னறிவிப்பே இல்லாமல் அந்தச் சாக்குக் குவியலின் கீழே இரண்டு கால்கள் முளைத்தன. கழுத்தை வளைத்து, கீழ் அலகால் ஒவ்வொரு முட்டையையும் தன் பக்கம் இழுத்துப் புரட்டினான். தேங்காயைத் தட்டிப் பார்ப்பவர் போல ஒரு கவனம். பிறகு முழங்காலை மடக்கி, உடம்பை இப்படியும் அப்படியும் அசைத்து மறுபடி சாக்கு ஆனான். நாளைக்குப் பத்துத் தடவை இது நடக்கும். அந்த அரை நிமிஷத்தில் முட்டைகளைப் பார்த்துவிட்டேன். முற்றிய மாங்காயின் கரும்பச்சை, தொட்டால் சொரசொரக்கும் என்று தெரிகிற மேல்தோல். நிறத்துக்குக் காரணம் பிலிவெர்டின் என்கிற நிறமி. நமக்கு அடிபட்ட இடம் நாலைந்து நாளில் பச்சை தட்டுமே, அதிலும் இதே சரக்குதான். மேலே கரும்பச்சை, சுரண்டினால் வெளிர்நீலப் பச்சை, இன்னும் சுரண்டினால் வெள்ளை என்று ஓடு அடுக்கடுக்காக இருப்பதால் செதுக்குவேலைக்காரர்களுக்கு இந்த ஓட்டின்மேல் ஒரு கண்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 56 நாளுக்கு எங்கிருந்து எரிபொருள்? கட்டுச்சோறு. அடைக்கு முந்தைய மாதங்களில் ஈமு கண்டபடி தின்று தோலுக்கடியிலும் வயிற்றுப் பக்கத்திலும் கொழுப்பு சேர்த்துக்கொள்கிறது. பயணத்துக்குக் கட்டிய சோறு அது. பயணம்தான் கிடையாது, உட்கார்ந்த இடத்திலேயே எட்டு வாரம். ஏன் கொழுப்பு, ஏன் மாவுச்சத்து இல்லை? ஒரு கிலோ கொழுப்பில் இருக்கிற ஆற்றலை வடித்த சோறாகக் கட்டினால் ஏழு கிலோ வரும். ஐந்து கிலோ கொழுப்பு தேவைப்படும் பறவை சோறாகத் தூக்கினால் 35 கிலோ, கிட்டத்தட்ட இன்னொரு ஈமுவை முதுகில் சுமக்க வேண்டும்.

அதைவிட அழகு தண்ணீர்க் கணக்கு. கொழுப்பு என்பது பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும். அது உடம்புக்குள் எரியும்போது அந்த ஹைட்ரஜன், மூச்சில் வந்த ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஆக்சிஜன் கனமான ஆசாமி. அதனால் நூறு கிராம் கொழுப்பு எரிந்தால் ஏறக்குறைய 107 கிராம் தண்ணீர் கிடைக்கிறது. போட்டதைவிட வந்தது அதிகம்! தூக்குவாளியைத் திறந்து புளிசாதம் தின்னத் தின்ன, அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டே வருகிறது, அதுவும் சாதத்தின் எடையைத் தாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு தூக்குவாளி கடையில் கிடைத்தால் எவர்சில்வர் காலம் முடிந்துவிடும். உவமை என்னைப் பார்த்து முறைப்பது தெரிகிறது. இருந்தாலும் இன்னும் கொஞ்ச தூரம் அதை இழுத்துக்கொண்டு போகத்தான் போகிறேன்.

தூக்குவாளியில் ஓட்டையும் உண்டு. எரிக்க ஆக்சிஜன் வேண்டும், அதற்கு மூச்சு விட வேண்டும், ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் வெளியே போகும். வேகமாக எரித்தால் வந்த தண்ணீர் வந்த வழியே போய்விடும். அதனால் அப்பா ஈமு அடுப்பைச் சிம்மில் வைக்கிறது. அடை காக்கும் ஆணின் உடம்பு வெப்பம் வழக்கத்தைவிட மூன்று நான்கு டிகிரி இறங்குகிறது. அசைவு கிட்டத்தட்ட நின்றுபோகிறது. பெரியவன் கழுத்தை மண்ணில் கிடத்தியிருந்தது சோர்வினால் அல்ல, நிமிர்த்திப் பிடிக்கவும் செலவாகுமே. காலையில் எட்டும் தூரத்தில் பனித்துளி இருந்தால் அலகால் எடுத்துக்கொள்ளும், அவ்வளவே. தான் குளிர்ந்தால் முட்டை குளிராதா என்றால், முட்டைக்கு வேண்டிய சூடு பறவையின் உடம்புச் சூட்டைவிடக் குறைவுதான். கடைசி வாரங்களில் உள்ளே வளர்ந்துவிட்ட குஞ்சுகளே கொஞ்சம் கணப்பு மூட்டிக்கொள்கின்றன.

இத்தனைக்கும் அவனைக் கட்டிப்போடுவது ஒரு ஹார்மோன். முட்டைமேல் உட்காரும் காலத்தில் ஆணின் டெஸ்டோஸ்டிரோன் சரிகிறது, புரோலாக்டின் ஏறுகிறது. பிரசவித்த தாய்க்குப் பால் சுரக்க வைக்கிற அதே புரோலாக்டின்தான்.

அம்மா? முட்டையிட்டு முடித்ததும் அவள் பாட்டுக்குப் போய்விடுவாள், சில சமயம் அடுத்த ஆணோடு. மரபணுச் சோதனை செய்து பார்த்தவர்கள், அப்பா பட்டினி கிடந்து காக்கிற குஞ்சுகளில் பாதி வரை அவனுடையதாக இல்லாமலும் இருக்கலாம் என்கிறார்கள். இதை அந்த வீட்டில் நான் சொல்லவில்லை. மகராசி அந்தக் கோடியில் நின்று தவில் தட்டுகிற மாதிரி டும் டும் என்று ஒலி எழுப்பிக்கொண்டிருந்தாள். மூச்சுக்குழாயிலிருந்து விரிகிற ஒரு பை அவளுக்கு உண்டு, அதில் காற்றை அடைத்து எழுப்பும் சத்தம். ஆண் உறுமத்தான் செய்யும். பார்வைக்கு இரண்டும் ஒன்று. சோடிக் குஞ்சு என்று நம்பிப் பணம் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

மார்கழியில் ஏன் என்பது இன்னொரு கேள்வி. ஆஸ்திரேலியாவில் ஈமு முட்டையிடுவது ஏப்ரலுக்குப் பிறகு, அங்கே குளிர் தொடங்கும்போது. இங்கே ஐப்பசி முதல் மாசி வரை. பறவை பார்ப்பது நாட்காட்டியை அல்ல, இரவின் நீளத்தை. இருட்டில் சுரக்கும் மெலடோனின்தான் அதற்குக் கடிகாரம். பெர்த் நகரில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு, கடிகாரம் பார்ப்பது சுலபம். ஈரோட்டில் வித்தியாசம் வெறும் ஒன்றேகால் மணி நேரம். அதையும் விடாமல் பிடித்துவிட்டான் பெரியவன். எனக்கு மார்கழி வந்தது பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியால்தான் தெரியும்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1932 நவம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கேம்பியன் பகுதியில் சுமார் 20,000 ஈமுக்கள் கோதுமை வயல்களில் இறங்கின. மேஜர் மெரிடித் தலைமையில் இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளும் 10,000 தோட்டாக்களும் அனுப்பப்பட்டன, ஈமுக்கள் சிதறி ஓடித் தப்பின, அரசு கேலிக்குள்ளானது. இணையத்தில் இதை "ஈமு போர்" என்று வருஷத்துக்கு நாலு தடவை சுற்றவிடுகிறார்கள். அது குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்த சமயம் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்தக் கூட்டத்தில் எட்டு வாரம் வயிறு காய்ந்த அப்பாக்களும் இருந்திருப்பார்கள். கோதுமையைக் கண்டால் விடுவார்களா?

எம்பரர் பெங்குவின் ஆண்களும் நூறு நாளுக்கு மேல் பட்டினி கிடக்கின்றன, உண்மைதான். அங்கே கேமரா போகிறது, சோக இசை போடுகிறார்கள். தென்னை மரத்தடிக்கு யார் வருவார்கள்?

வருகிறவர்கள் எண்ணெய்க்காரர்கள். ஈமு எண்ணெய் மூட்டுவலிக்கு, வழுக்கைக்கு, தோல் சுருக்கத்துக்கு என்று சீசாவில் போட்டு விற்கிறார்கள். எலிகளில் வீக்கம் குறைகிறதா என்று சில ஆய்வுகள் நடந்திருக்கின்றன, அதிலிருந்து வழுக்கைக்குப் போவது நீண்ட தாண்டல். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2009-இல் மருத்துவ மோசடிகளை அடையாளம் காண்பது பற்றி வெளியிட்ட கட்டுரையில் ஈமு எண்ணெய்க்கும் இடம் கொடுத்தது. அதில் அதிகம் இருப்பது ஓலிக் அமிலம். கடலை எண்ணெயிலும் அதுதான் அதிகம், விலையும் குறைவு, தாளிக்கவும் ஆகும். சீசாவில் இருப்பது என்ன என்று இப்போது உங்களுக்குத் தெரியும்: ஓர் அப்பாவின் 56 நாள் கட்டுச்சோறு.

குளுக்கோஸ் கொடுக்க வேண்டாம், நாயை மட்டும் அண்டவிடாதீர்கள், ஒரு சட்டியில் தண்ணீர் கிட்டே இருக்கட்டும், எழுந்து முட்டை புரட்டுவதை நிறுத்தினால் டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாசி பிறந்த சமயத்தில் தொலைபேசி வந்தது. ஆறில் நான்கு பொரிந்திருக்கின்றன. அணில் மாதிரி கோடு போட்ட குஞ்சுகள். பெரியவன் இளைத்துப் பாதியாகத் தெரிகிறானாம், ஆனால் மகராசியைப் பக்கத்தில் விடாமல் விரட்டுகிறானாம். இரண்டு நாள் முன்பு ஒருவர் பைக்கில் வந்து, பறவையைக் கொடுத்தால் எண்ணெய் இறக்கிக்கொண்டு நல்ல விலை தருகிறேன் என்று கேட்டிருக்கிறார்.

"எண்ணெய்ங்களா?" என்றாராம் அப்பத்தா. "அதான் காலச் சுத்திச் சுத்தி ஓடிட்டிருக்குது, பாக்குலீங்களா?"

குஞ்சின் உடம்பு முட்டைக்கருவில் அம்மா கொடுத்த சத்து, அப்பா கொடுத்தது சூடு மட்டும் என்று நான் சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அந்தச் சூடு எதுலீங்க வந்துச்சு?" என்று கேட்டார் அவர் மகன். பெரியவன் இப்போது ஒரு வேளைக்கு இரண்டு கோசு தின்கிறானாம்.