பந்தயத் தடத்தில் நடுவர் தீர்ப்பு

மோட்டார்ப் பந்தயத்தில் யார் முதலில் வந்தார் என்பதை, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கிட்டுக் கடிகாரம் சொல்லிவிடுகிறது. அவர் முறைப்படி வந்தாரா என்பதைச் சொல்லுவதற்கு மட்டும் மனிதர்கள் வேண்டியிருக்கிறார்கள். அதற்கென அமர்த்தப்படும் நடுவர்கள், ஓர் ஓட்டுநர் மற்றொருவரைத் தடத்திற்கு வெளியே தள்ளினாரா, குறுக்கு வழியிற் சென்று பயன் அடைந்தாரா என்றெல்லாம் ஆராய்ந்து, குற்றம் கண்டால் தண்டனை விதிக்கின்றனர். ஓட்டிய நேரத்தோடு ஐந்து விநாடியைக் கூட்டுவது முதல், பந்தயத்திலிருந்தே நீக்குவது வரை அத்தண்டனைகள் பல படியாக அமைந்துள்ளன. 'பார்முலா ஒன்' எனப்படும் உலகப் பட்டப் பந்தயங்களில் 2014ஆம் ஆண்டிலிருந்து குற்றப்புள்ளி முறையும் உண்டு. பன்னிரண்டு மாதங்களுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தவர் ஒரு பந்தயத்தில் கலந்துகொள்ள இயலாது. டென்மார்க்கு நாட்டுக் கெவின் மாக்னுசன் 2024இல் முதன்முதலாக அவ்வாறு விலக்கப்பட்டார்.

இத்தனை ஏற்பாடு இருந்தும் இரசிகர்களுடைய வாதம் ஓய்ந்தபாடில்லை. நடுவர் செயலை நோக்குகிறார், இரசிகரோ ஆளை நோக்குகிறார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் செயலையும் அதைச் செய்தவனுடைய கருத்தையும் பிரித்துக் காண்பது அவ்வளவு எளிதன்று. இதை விளக்கச் சில நிகழ்ச்சிகளைச் சொல்லுகிறேன்.

1989ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஜப்பானில் சுசூக்காப் பந்தயம். பிரான்சு நாட்டு அலேன் புரோஸ்டும் பிரேசில் நாட்டு அயர்ட்டன் சென்னாவும் மெக்லாரன் என்னும் ஒரே குழுவில் இருந்தனர்; ஆனால் ஒருவரோடொருவர் பேசுவதும் அரிதாகியிருந்தது. பட்டத்திற்குரிய புள்ளிகளில் புரோஸ்ட் முந்தியிருந்தார். சென்னா வென்றே தீரவேண்டிய நிலை. பந்தயம் முடியச் சில சுற்றுகளே இருக்கையில், வேகத்தைக் குறைப்பதற்காக அமைத்த ஒரு நெளிவில் சென்னா உட்புறமாக நுழைய முயன்றார். புரோஸ்ட் வண்டியைத் திருப்பினார். இரண்டும் பின்னிக்கொண்டு நின்றன. புரோஸ்ட் இறங்கிவிட்டார். சென்னாவோ பணியாளர் வண்டியைத் தள்ளிவிட, ஒதுக்குப் பாதை வழியே மீண்டும் தடத்தை அடைந்து, முதலாவதாகவும் வந்துவிட்டார். நெளிவைச் சுற்றி வராமல் தவிர்த்தார் என்று நடுவர்கள் அவரை நீக்கினர். பட்டம் புரோஸ்டுக்குச் சென்றது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மோதல் யாரால் நேர்ந்தது என்பதே உலகம் கேட்ட கேள்வி. சென்னாவின் வெற்றி பறிபோனதோ வேறொரு காரணத்தால். சென்னாவின் அன்பர்கள், விளையாட்டின் தலைவராக இருந்த பலேஸ்ட்ரும் பிரெஞ்சுக்காரரே என்று சுட்டிக்காட்டினர். ஐயம் ஒருமுறை புகுந்துவிட்டால் அதை விதிப்புத்தகத்தால் வெளியேற்ற முடிவதில்லை.

மறு ஆண்டு அதே சுசூக்கா. இப்போது புரோஸ்ட் பெராரிக் குழுவில் இருந்தார். புள்ளிகளில் முந்தியிருந்தவர் சென்னா. பந்தயம் தொடங்கியதும் புரோஸ்ட் முந்திச் செல்ல, முதல் வளைவிலேயே சென்னா நேரே வந்து மோதினார். இருவரும் மணலிற் போய் நின்றனர். பட்டம் சென்னாவுக்கு! தண்டனை ஏதும் இல்லை. ஓராண்டு கழித்து, 1991இல், வேண்டுமென்றே செய்ததாகச் சென்னாவே ஒப்புக்கொண்டார். மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில், பின்னால் இருபதுக்கு மேற்பட்ட வண்டிகள் வந்துகொண்டிருக்கும்போது செய்த காரியம் அது. அன்று நடுவர்கள் வாளாவிருந்தது பெரும் பிழை என்பதே என் கருத்து. முந்திய ஆண்டில் இழைக்கப்பட்ட அநீதிக்கு அது ஈடு என்று வாதிடுவோர் இன்றும் உளர். 1994இல் சென்னா பந்தய விபத்தில் மாண்டபோது அவர் சவப்பெட்டியைச் சுமந்தவர்களுள் புரோஸ்டும் ஒருவர் என்பதை அவர்கள் நினைப்பதில்லை போலும்.

2010ஆம் ஆண்டிலிருந்து நடுவர் குழுவில் பழைய ஓட்டுநர் ஒருவரும் அமர்கிறார். முதற்கண் அவ்வாறு அமர்ந்தவர் அதே புரோஸ்ட்தான்.

தண்டனையின் அளவு பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 2012இல் மலேசியாவில், நான்காம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜெர்மானியர் செபாஸ்டியன் வெட்டலும், பின்தங்கியிருந்த நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் உரசிக்கொண்டனர். வெட்டலின் டயர் கிழிந்து புள்ளிகள் பறிபோயின. நரேனுக்கு 20 விநாடி தண்டனை. கடைசி வரிசையில் வந்தவருக்கு அதனால் பெரிய இழப்பில்லை. 2019இல் கனடாவில், முதலிடத்தில் ஓடிய வெட்டல் புல்தரையிற் சறுக்கித் தடத்திற்குள் திரும்பியபோது, பின்வந்த ஹாமில்டன் தடை போட நேர்ந்தது. தண்டனை ஐந்தே விநாடி. ஆனால் வெற்றி போயிற்று. புல்லின்மேல் வண்டி தம் வசத்தில் இல்லை என்றார் வெட்டல். வண்டிகளின் முன்னே வைத்திருந்த 1, 2 என்ற பலகைகளைத் தம் கையாலேயே இடம் மாற்றியும் வைத்தார். ஒரே தராசுதான், எடை மட்டும் ஆளுக்கு ஆள் வேறாகிவிடுகிறது.

எல்லாவற்றிலும் பழைய நிகழ்ச்சியைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். 1958 ஆகஸ்டு 24ஆம் நாள், போர்ச்சுகல் நாட்டுப் போர்ட்டோ நகரத் தெருக்களில் பந்தயம். பட்டத்திற்குப் போட்டியிட்ட இருவரும் ஆங்கிலேயர்: ஸ்டர்லிங் மாஸ், மைக் ஹாதார்ன். மாஸ் முதலாவதாக வந்தார். ஹாதார்ன் கடைசிச் சுற்றில் சுழன்று நின்றுவிட்டார், எஞ்சின் அணைந்துபோயிற்று. இறங்கி, சரிவில் வண்டியைத் தள்ளி உயிர்ப்பித்து, இரண்டாவதாக வந்து சேர்ந்தார். பந்தயம் ஓடும் திசைக்கு எதிராக வண்டியைத் தள்ளினார் என்று நடுவர்கள் அவரை நீக்க முற்பட்டனர். எதிரே வருவோர் உயிருக்கு ஆபத்து என்பதால் ஏற்பட்ட விதி அது, தேவையான விதியும்கூட.

அப்போது மாஸ் நடுவர்முன் சென்று சாட்சி சொன்னார். ஹாதார்ன் வண்டியைத் தள்ளியது பந்தயத் தடத்தில் அன்று, ஓரத்து நடைபாதையில் என்றார். அதை அவர் தம் கண்ணால் கண்டிருந்தார். நீக்கம் கைவிடப்பட்டது. இதைப் பெருந்தன்மை என்று பலரும் புகழ்வர். என்னைக் கேட்டால், விதி எதற்காக ஏற்பட்டதோ அந்த ஆபத்து அங்கே இல்லை என்ற உண்மையை அவர் சொன்னார் என்பேன். அதைச் சொன்னவர் எதிராளியாக இருந்ததால் நடுவர் நம்பியிருக்கவும் கூடும்.

ஆண்டின் முடிவில் ஹாதார்னுக்கு 42 புள்ளி, மாஸுக்கு 41. நான்கு பந்தயங்களில் வென்றவர் மாஸ். ஹாதார்ன் வென்றது ஒன்றே. போர்ட்டோவில் பெற்ற புள்ளிகள் இல்லையெனில் பட்டம் மாஸுக்கே போயிருக்கும். ஹாதார்ன் 1959 சனவரியில் இங்கிலாந்துச் சாலை ஒன்றில் கார் விபத்துக்குள்ளாகி மறைந்தார். மாஸ் 2020இல், தொண்ணூறாம் வயதில் காலமானார். உலகப் பட்டம் அவருக்குக் கடைசி வரை கிட்டவில்லை.