மாலையில் பூக்கும் பீர்க்கு

மாடித்தோட்டத்தில் பீர்க்கு போட்டவர்கள் பலரும் சொல்வது இது: "பிஞ்சு வருது, மஞ்சளாகி உதிர்ந்துடுது." சத்து போதவில்லை என்று எண்ணி உரத்தைக் கூட்டுகிறார்கள். பெரும்பாலும் குறை உரத்தில் இருப்பதில்லை. பூவில் மகரந்தம் சேராமல் போயிருக்கும்.

பீர்க்கில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியே வரும். ஆண் பூக்கள் நீண்ட காம்பில் கொத்தாக நிற்கும். பெண் பூ ஒற்றையாக வரும். இதழுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும். முதலில் பூப்பவை ஆண் பூக்கள்தான், அவை உதிர்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். முக்கியமான செய்தி, பீர்க்கம்பூ விரிவது மாலை 5 மணிக்குமேல். மறுநாள் காலையில் வாடிவிடும். காலையில் வரும் தேனீயை நம்பிப் பயனில்லை. அந்தியில் பறக்கும் பூச்சிகள் நகரத்து மாடிகளுக்கு அதிகம் வருவதில்லை. எனவே விளக்கு வைக்கும் நேரத்தில் நாமே மாடிக்குப் போக வேண்டும். அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினால் போதும். பிடித்த பிஞ்சு இரண்டு மூன்று நாளில் நீள ஆரம்பித்துவிடும்.

விதைக்க ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் ஏற்றவை. கோ 1, கோ 2, பிகேஎம் 1 ஆகியவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ரகங்கள். கறுத்த விதையின் தோல் தடிப்பானது. இரவு முழுக்க ஊறவைத்து, பெரிய பையில் நேரடியாக ஊன்றுங்கள். பிடுங்கி நட்டால் வேர் அடிபடும். கொடி பிடித்தேற வலையோ பந்தலோ வேண்டும். பழ ஈ முட்டையிட்ட காய் கோணி அழுகும். அதனால் பிஞ்சு பிடித்ததும் காகித உறை மாட்டிவிடுங்கள். உதிர்ந்த காய்களைச் செடியடியில் விடாதீர்கள்.

நகம் சுலபமாக இறங்கும்போதே பறித்துவிட வேண்டும். தாமதித்தால் நார் ஓடிவிடும். விதைக்கென ஒரு காயை மட்டும் கொடியிலேயே காயவிடலாம், உள்ளே இருக்கும் நார்க்கூடு உடம்பு தேய்க்க உதவும். வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அந்த விதை வேண்டாம். தாய்க்கொடியின் குணம் அப்படியே வராது.

சமைக்குமுன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தக் கசப்பு வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும், வேகவைத்தாலும் போகாது.

பாசிப்பருப்புக் கூட்டுக்குத் தனியாகத் தண்ணீர் அதிகம் வேண்டாம், காயே நீர் விடும். வெந்தால் பாதியாகச் சுருங்கும் என்பதால் உப்பைக் கடைசியில் போடுவது நல்லது. என் வரையில் காயைவிடத் தோல்தான் உயர்ந்தது. வரம்புகளைச் சீவியெடுத்த இளந்தோலை நல்லெண்ணெயில் சுருள வதக்குங்கள். பச்சை வாடை போகும்வரை பொறுமை வேண்டும். துவையலின் ருசி இங்கேதான் முடிவாகிறது. உளுத்தம்பருப்பு, வரமிளகாய், பெருங்காயம் ஆகியவற்றைத் தனியே வறுத்து, கொஞ்சம் புளி, தேங்காய், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தெடுங்கள். உளுந்தைக் கடைசிச் சுற்றில் சேர்த்தால் பல்லில் கடிபடும். சூடான சோற்றில் நல்லெண்ணெய் ஊற்றி இதைப் பிசைந்தால் வேறு குழம்பு தேவைப்படாது.