நாடி சொல்லும் செய்தி

மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைக் கவனியுங்கள். மூச்சை மெல்ல உள்ளிழுக்கையில் துடிப்பு சற்று விரையும், வெளிவிடுகையில் தளரும். இதயம் ஊசல் கடிகாரம்போல் ஒரே சீராக ஓடுவதில்லை. அதை முடுக்குபவை பரிவு நரம்புகள். தணிப்பவை எதிர்ப்பரிவு நரம்புகள். இவ்விரண்டும் நம் விருப்பத்தைக் கேளாமலே இயங்கும் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் பிரிவுகள்.

ஓரிக்கையில் எங்கள் தெரு நெசவாளர் ஒருவருக்குச் சோரியாசிஸ், அதாவது காளாஞ்சகப்படை. அவர் நீட்டிய மோரை வாங்க என் மாணவர் ஒருவர் தயங்கினார். இது தொற்றுநோயன்று. உடலின் எதிர்ப்பாற்றல் நெறி தவறுவதால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய மேல்தோல் சில நாட்களிலேயே வளர்ந்து செதிலாக உதிர்கிறது, அவ்வளவே.

இந்நோயாளரிடம் மேற்கண்ட நாடி வேறுபாடு குறைந்திருப்பதைச் சில ஆய்வுகள் கண்டுள்ளன. மன உளைச்சலும் பரிவு நரம்புகளைத் தூண்டும், நோயையும் மிகுவிக்கலாம். ஒதுக்கி வைத்தால் உளைச்சல்தானே மிகும்? அஞ்சாமல் அவர் கையைப் பற்றி நாடியை எண்ணுங்கள்!