நதி வெட்டிய பள்ளமும் பன்றிவால் ரயிலும்

ஜெர்மனியின் தென்மேற்குக் கோடியில், சுவிட்சர்லாந்தின் எல்லையை ஒட்டிச் செல்லும் வூட்டாக் பள்ளத்தாக்கு ரயில்பாதையில், வைட்சென் என்ற சிற்றூரிலிருந்து பிளூம்பெர்க் நகரத்தின் ஸ்டேஷன் வரையில் நேர்கோட்டில் அளந்தால் 9.6 கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் இவ்விரண்டையும் இணைக்கும் தண்டவாளமோ, மலைச்சரிவுகளில் வளைந்தும், வந்த திசைக்கே திரும்பியும், ஓரிடத்தில் மலைக்குள் புகுந்து முழு வட்டமாகச் சுற்றியும், சுமார் 25 கிலோமீட்டர் அலைந்த பிறகே மேலே போய்ச் சேருகிறது. அவ்வட்டாரத்து ஜனங்கள் இதற்குப் பன்றிவால் ரயில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சில கிராமங்களையும் காடுகளையும் தவிர வேறொன்றுமில்லாத ஒரு சரிவில் இத்தனை திரவியத்தைக் கொட்டியது ஏன் என்று விசாரித்தால், ஒரு நதியும் ஒரு தேச எல்லையும் காரணமாக வந்து நிற்கின்றன.

நதியின் சரித்திரமே மூத்தது. கருங்காட்டு மலைகளின் உச்சியான ஃபெல்ட்பெர்க்கின் பக்கத்தில் உற்பத்தியாகும் வூட்டாக், பூர்வத்தில் கிழக்கு நோக்கிப் பாய்ந்து டான்யூப் நதியோடு கலந்து கருங்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், கடைசிப் பனியுகத்தின்போது, தெற்கே தாழ்ந்த ரைன் நதியை நாடி ஓடிய ஓர் உபநதி தன் தலைப்பக்கத்தை அரித்து அரித்துப் பின்னேறி வந்து, இன்றைய பிளூம்பெர்க்கின் அருகே வூட்டாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அன்று முதல் அந்நீர் வடகடலுக்குச் செல்கிறது. புதிய வழியின் செங்குத்தான வீழ்ச்சி தந்த வேகத்தில் நதி தரையை அறுத்துக்கொண்டு இறங்கிவிட்டதால், கிழக்கே பழைய நதி விட்டுச்சென்ற அகன்ற பள்ளத்தாக்கு மேலே நின்றுவிட, புதிய படுகையோ நூற்றைம்பது மீட்டருக்கும் கீழே போய்விட்டது. பழைய பள்ளத்தாக்கில் இப்போது ஆயிட்ராக் என்ற சிற்றோடை, தன் தகுதிக்கு மீறிய பெரிய வீட்டில் குடியிருக்கும் ஏழையைப் போல, டான்யூபை நோக்கி மெல்லச் செல்கிறது. ரயில்பாதையின் கிழக்குப் பகுதி அந்த ஓடையின் துணையோடு சமதரையில் சுகமாகப் போய்விடும். சங்கடமெல்லாம் பிளூம்பெர்க்கிலிருந்து கீழே இறங்குவதில்தான்.

இறங்கியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் ராணுவத்தார். 1871-இல் பிரான்ஸை வென்று அல்சேஸ் பிரதேசத்தைச் சேர்த்துக்கொண்ட ஜெர்மன் சாம்ராஜ்யம், ஊல்ம் கோட்டையிலிருந்து அந்த எல்லைக்குச் சேனையையும் பீரங்கிகளையும் விரைவில் அனுப்ப வழி தேடியது. ரைன் கரையோரமாக ஒரு பாதை ஏற்கெனவே இருந்தது. ஆனால் 1852-ஆம் ஆண்டு பாடன் சமஸ்தானம் சுவிஸ்காரர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அது ஷாஃப்ஹௌசன், பாசல் ஆகிய சுவிஸ் பிரதேசங்களின் ஊடே போடப்பட்டிருந்தது. நடுநிலை நாட்டின் மண்ணில் அந்நியச் சிப்பாய்கள் கால் வைப்பதற்கில்லை. ஆகவே அந்தச் சிறு நிலப்பரப்பைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. லௌக்ரிங்கனிலிருந்து வைட்சென் வரையில் 1876-க்குள் வந்துவிட்டிருந்த உள்ளூர்ப் பாதையை மலைமேல் நீட்டும் வேலை 1887-இல் தொடங்கி, 1890 மே 20 அன்று வண்டி ஓடியது. பாசலைச் சுற்றிச் செல்லும் பாதையும் அதே ஆண்டில் திறக்கப்பட்டது.

இனி அந்த வளைவுகளின் கணக்கு. வைட்செனுக்கும் பிளூம்பெர்க்குக்கும் உயர வித்தியாசம் 231 மீட்டர். நேராகப் பாதை போட்டிருந்தால் ஆயிரம் மீட்டருக்கு 24 மீட்டர் ஏற்றம் அமைந்திருக்கும். ராணுவத்தாரோ பத்து மீட்டருக்கு மேல் கூடாதென்று விதித்தனர். அந்த விதிப்படி 231 மீட்டர் ஏறுவதற்குக் குறைந்தது 23 கிலோமீட்டர் பாதை வேண்டும் என்பது பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும். விதியின் நியாயம் சக்கரத்தில் இருக்கிறது. சமதரையில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது ஒரு டன் பாரத்துக்கு மூன்று கிலோ அளவான இழுப்பே போதும். நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், புவியீர்ப்பு அதனோடு இன்னும் பத்துக் கிலோவைச் சேர்த்துவிடுகிறது. எஞ்சினையும் சேர்த்து ஐந்நூறு டன் எடையுள்ள ராணுவ வண்டிக்கு ஆறரை டன் இழுப்பு வேண்டும். நேர்வழியின் ஏற்றத்திலோ பதின்மூன்றரை டன் வேண்டும். இழுக்கும் எஞ்சினின் இயக்குச் சக்கரங்கள்மேல் நாற்பது டன் பாரம் இருந்தால், அதில் ஐந்தில் ஒரு பங்காகிய எட்டு டன் வரையில்தான் அவை வழுக்காமல் இழுக்கும். நீராவியைக் கூட்டினாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலுமேயன்றி வண்டி நகராது. பக்கத்திலுள்ள ஹோல்லென்டால் பாதையில் 1887-இல் ஆயிரத்துக்கு 55 என்ற ஏற்றத்தைப் பற்சக்கரத்தின் உதவியால் சமாளித்தார்கள். ஆனால் மூட்டை முடிச்சுகளோடு ஒரு சேனையே அவசரமாகப் புறப்படும் நாளில் பற்சக்கரத்தின் மந்தகதி ஏற்குமா?

ஆதலால் பொறியியலார் தூரத்தைச் சிருஷ்டித்தார்கள். ஆறு சுரங்கங்கள் குடையப்பட்டன. அவற்றுள் 1,700 மீட்டர் நீளமுள்ள ஷ்டொக்ஹால்டெ சுரங்கம் மலைக்குள்ளேயே சுற்றிச் சுமார் 15 மீட்டர் உயர்ந்து வெளிவருகிறது. எப்ஃபன்ஹோஃபன் கிராமத்தில் 264 மீட்டர் நீளமும் 34 மீட்டர் உயரமும் உள்ள இரும்புப் பாலத்தின்மேல் வண்டி செல்லும்போது, சற்று முன்பு தான் வந்த தண்டவாளத்தையே பிரயாணி கீழே காண்கிறான். சுவிஸ் எல்லையைத் தொடாமலிருக்க எடுத்துக்கொண்ட இவ்வளவு பிரயாசை, ஏற்றத்தை மறந்து பார்ப்பவனுக்குச் சற்றுப் பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும்.

இத்தனைக்கும் யுத்தம் வந்தபோது 1914-இல் ஜெர்மானியர்களின் பிரதான படையெடுப்பு வடக்கே பெல்ஜியத்தின் வழியாகப் போயிற்று. சாதாரண நாட்களிலோ, ஒரு கிராமத்தான் குறுக்கே நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்கு ரயில் மலையைப் பிரதட்சணம் செய்துகொண்டிருந்தது. 1955-இல் மேட்டுப் பகுதியில் பிரயாணி வண்டிகள் நின்றன. 1960-களில் நேட்டோ கூட்டணி, இனியொரு யுத்தத்தில் உதவக்கூடும் என்று செலவு செய்து பாலங்களைப் பழுது பார்த்தது. பிறகு அந்த ஆர்வமும் தணிந்து, 1975-ஆம் ஆண்டின் இறுதியோடு அப்பகுதியில் முறையான போக்குவரத்து முடிவுற்றது. ராணுவம் பழுது பார்த்த பாலங்களின்மேல் 1977 முதல் நீராவி ரயில் அன்பர்கள் காட்சி வண்டி ஓட்டி வருகிறார்கள்.

பழைய நதியின் சமதரையில் கிடக்கும் கிழக்குப் பகுதிக்கு 2004-இல் டீசல் ரயில்கார்கள் திரும்பி வந்து, இம்மென்டிங்கனிலிருந்து பிளூம்பெர்க் வரை பள்ளிப் பிள்ளைகளையும் வேலைக்குச் செல்வோரையும் ஏற்றிச் செல்கின்றன. சுருள்களும் பாலங்களும் நிறைந்த சரிவில் கோடைகாலத்து உல்லாசப் பிரயாணிகளுக்காக மட்டும் எஞ்சின் புகைகிறது. குளிர்காலத்திலோ சுரங்கத்துக்குள் உறங்க வந்துவிடும் வௌவால்கள் சட்டப்படி காக்கப்பட்டவை என்பதால், அங்கே வண்டி விடுவதற்குத் தடை ஏற்பட்டுவிட்டது. சேனைக்காகக் குடைந்த வழியில் இன்று வௌவாலுக்கே முதல் மரியாதை என்பதில் எனக்கு ஆட்சேபம் ஏதுமில்லை.