வீதியில் நடக்கும் வரலாறு: மரபு ஊர்வலம் என்றால் என்ன?



எஸ்பிஎம் கட்டுரைப் பயிற்சிகளில் மரபு, பண்பாடு, ஒற்றுமை ஆகிய மூன்றும் சுற்றிச் சுற்றி வரும். பல மாணவர்கள் 'மரபைக் காப்பது நம் கடமை' என்று எழுதிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சரி, எப்படிக் காப்பது? யார் காத்தார்கள்? இதைக் கேட்டால் பேனா நகர மாட்டேங்குது. இம்முறை ஒரே ஒரு வழியை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அது ஊர்வலம்.

முதலில் சொற்கள்

ஊர் + வலம் = ஊர்வலம். ஊரை வலமாகச் சுற்றி வருவது என்பதே இதன் பொருள். சாமியோ பெரியவரோ ஊர்தியில் ஏறி வந்தால் அது பவனி. தேரை வடம் பிடித்து இழுத்தால் தேரோட்டம். சீருடையில் வரிசையாக நடந்தால் அணிவகுப்பு. ஒரு நோக்கத்தை முன்வைத்துத் திரளாகச் சென்றால் பேரணி. தேர்வில் இவற்றை மாற்றி மாற்றி எழுதாதீர்கள்.

மரபு ஊர்வலம் என்பது இவை எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்வது. 'நாங்கள் இன்னார், இங்கிருந்து வந்தோம், இப்போது இந்த ஊர்க்காரர்கள்' என்று ஒரு சமூகம் மற்றவர் பார்க்க நடந்து காட்டுவதே மரபு ஊர்வலம்.

அயர்லாந்துக்காரர்களின் அனுபவம்

உலகம் முழுக்க அறிந்த மரபு ஊர்வலம், மார்ச் 17ஆம் நாள் புனித பேட்ரிக் பெயரால் ஐரிஷ் மக்கள் நடத்துவது. ஆனால் அது அயர்லாந்தில் தொடங்கவில்லை. அமெரிக்காவின் செயின்ட் அகஸ்டின் நகரில் 1601லேயே இப்படி ஓர் ஊர்வலம் நடந்ததற்குப் பதிவு இருக்கிறது. நியூயார்க்கில் 1762இல் நடந்தது. அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் அரசு சார்பில் ஊர்வலம் நடந்தது 1931இல்தான்!

ஏன் இப்படி? சொந்த ஊரில் இருப்பவன் தான் யார் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பிழைக்கப் போனவனுக்குத்தான் அது தேவைப்படுகிறது. 1845 முதல் 1852 வரை நீடித்த பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதைவிட அதிகமானோர் கப்பலேறினார்கள். போன இடத்தில் அவர்களை ஏளனமாகப் பார்த்தவர்கள் உண்டு. அந்தத் தெருக்களிலேயே கூட்டமாக நடந்தபோது, தாங்கள் எத்தனை பேர் என்று அவர்களுக்கும் தெரிந்தது, ஊருக்கும் தெரிந்தது. இன்று சின்னச் சின்ன நகரங்களும் இந்த ஊர்வலத்தை நடத்துகின்றன. அமெரிக்காவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் ஊர்வலம் போகும் தெருவின் நீளம் வெறும் 98 அடி! ஆக, தூரம் முக்கியமில்லை, நடப்பதுதான் முக்கியம்.

இது நமக்கும் பொருந்தும். கே. தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் பத்துமலையில் 1892இலேயே தைப்பூசம் தொடங்கியது. சிலாங்கூர், பினாங்கு, பேராக் போன்ற மாநிலங்களில் தைப்பூசம் பல காலமாகப் பொது விடுமுறை. தமிழ்நாட்டில் 2021இல்தான் அறிவித்தார்கள். கனடாவில் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக நாடாளுமன்றம் 2016இல் ஏற்றது. புலம்பெயர்ந்த இடத்தில் விழா பெரிதாவது ஐரிஷ் மக்களுக்கு மட்டும் உரிய கதை அல்ல.

மலாக்காவில் நடப்பது

நம் மலாக்காவுக்கு வருவோம். தங்காசாலைத் தெருவான ஜாலான் துக்காங் ஏமாஸில் இருக்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில், டச்சுக்காரர் ஆட்சியில் 1781இல் எழுந்தது. மாசி மகத்தின்போது முருகன் ரதம் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் புறப்படும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முன்னின்று நடத்தும் விழா இது.

இந்த விநாயகர் கோயிலைக் கட்டியது மலாக்கா செட்டிகள். இவர்களையும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மலாக்கா செட்டிகள் சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, இங்கேயே தங்கியவர்களின் வழிவந்தோர். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் கெபாயா உடுத்துவார்கள். ஆனால் காஜா பேராங்கில் 1822இல் அமைந்த ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலில் அவர்கள் நடத்தும் டத்தோ சாச்சார் விழாவைப் பாருங்கள். காவடி இருக்கும், பால்குடம் இருக்கும். பொங்கலையொட்டி முன்னோர்க்குப் படைக்கும் பார்ச்சு சடங்கும் இருக்கிறது.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். அவர்களிடம் தமிழ்மொழி போய்விட்டது. வழிபாடும் நடையும் நின்றன. இதை இழப்பு என்று மட்டும் சொல்லலாமா? மொழி போன பிறகும் ஒரு சமூகம் தன்னைத் தொலைக்காமல் இருக்கக் கூட்டாகச் செய்யும் சடங்கு உதவுகிறது. அது மெய். ஆனால் அந்தச் சடங்கின் பாட்டுக்கும் பெயருக்கும் பொருள் கேட்டால் சொல்ல மொழி வேண்டும். அதுவும் மெய். இரண்டையும் சேர்த்து எழுதும் மாணவரின் கட்டுரையே முழுமை பெறும்.

தோட்டத்து ஊர்வலம்

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யானால் தொடங்கப்பட்டது. பிறகு தோட்டங்கள் பெருகின. தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயிலும் வந்தது. ஆண்டுத் திருவிழாவில் கரகம் புறப்பட்டு, லயத்து வீடுகளைச் சுற்றி வரும். வீட்டுக்கு வீடு தேங்காய் உடைப்பார்கள். 'அம்மா நம்ம வாசலுக்கு வந்துட்டா' என்பார்கள்.

அந்தத் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. மக்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். கோயிலை வேறு இடத்தில் கட்டலாம், சிலையைக் கொண்டு போகலாம். ஊர்வலம் போன பாதையை எடுத்துப் போக முடியாது. எந்த லயத்தில் திரும்பும், எந்த மரத்தடியில் நிற்கும் என்பதெல்லாம் நடந்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இப்படி ஒரு பணி கொடுக்கலாம். மாணவர் தம் தாத்தா, பாட்டியிடமோ அண்டை வீட்டுப் பெரியவரிடமோ கேட்டு, அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் திருவிழா ஊர்வலப் பாதையை ஒரு தாளில் வரையட்டும். புறப்படும் இடம், நிற்கும் இடங்கள், திரும்பும் இடம் ஆகியவற்றைக் குறிக்கட்டும். ஒவ்வோர் இடத்துக்கும் பெரியவர்கள் சொன்ன பெயரையே எழுதட்டும். புத்தகப் பெயராக மாற்ற வேண்டாம்.

கட்டுரை எழுதும்போது நான்கு கேள்விகளுக்கு விடை இருக்கிறதா என்று பாருங்கள்: யார் நடக்கிறார்கள்? யார் பார்க்க நடக்கிறார்கள்? எந்தப் பாதை? நின்றுபோனால் என்ன இழப்பு? நான்காவதற்குத் தாத்தா வரைந்த தாளிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கொடுத்தால் போதும். 'மரபைக் காப்பது நம் கடமை' என்ற வரியைத் தனியாக எழுத வேண்டிய அவசியமே வராது.